எங்கே இறங்கணும்?

பஸ் எண் சரி. நிறுத்தத்தின் பெயர் சரி. சொன்ன நேரத்துக்குப் பஸ்ஸும் வந்துவிட்டது. நான் நின்ற பக்கம்தான் தப்பு.

வேலை விஷயமாக முதல் தடவை போயிருந்த ஒரு நகரம். விடுதியில் இருந்து பதினைந்து நிமிடத்தில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு, எதிர்த் திசையில் போகும் பஸ்ஸில் ஏறி, நிம்மதியாக ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டேன். போகப் போகக் கட்டடங்களின் உயரம் குறைந்தது, ஆட்கள் ஒவ்வொருவராக இறங்கிக்கொண்டே இருந்தார்கள், அப்புறம் இரண்டு பக்கமும் வெறும் மதில் சுவர். கடைசியில் ஒரு பெரிய தகரக் கொட்டகை முன்னால் வண்டி நின்றது. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார். உள்ளே நான் மட்டும்தான் இருந்தேன்.

அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. முகவரி எழுதிய தாளைக் காட்டினேன். படித்துவிட்டு, வந்த வழியையே கை நீட்டிக் காட்டினார். பிறகு தன் கைக்கடிகாரத்தைத் திருப்பி, பெரிய முள் எங்கே வரும்போது கிளம்புவோம் என்று விரலால் தொட்டுக் காட்டினார். இருபது நிமிடம். அதே பஸ், அதே இருக்கை. திரும்பி வரும்போதுதான் ஊர் முழுவதும் வரிசையாகக் கண்ணில் பட்டது: என் விடுதி, அதைத் தாண்டி ஒரு பெரிய ஆஸ்பத்திரி, ஆற்றுப் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் ரயில் நிலையம், அதற்கு இரண்டு நிறுத்தம் தள்ளி நான் போக வேண்டிய அலுவலகம். ஒன்றரை மணி நேரம் தாமதம். காத்திருந்தவர்கள் முன்னால் போய் நிற்க மிகவும் சங்கடமாக இருந்தது. ஆனால் அந்த ஊரில் எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது அன்றே மனதில் பதிந்துவிட்டது. மீதி ஐந்து நாளும் வரைபடத்தைப் பிரித்துப் பார்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு எந்தப் புது ஊருக்குப் போனாலும் இதை வேண்டுமென்றே செய்கிறேன். முதல் நாள், அவசர வேலை எதுவும் இல்லாத நேரத்தில், தங்கும் இடத்துக்குப் பக்கத்தில் போகும் ஒரு பஸ்ஸில் ஏறி, ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை போய்த் திரும்பி வருவேன். ஊரின் நடுப்பகுதியையும் முக்கியமான ரயில் நிலையத்தையும் தொட்டுப் போகும் பஸ்ஸாக இருந்தால் ரொம்ப நல்லது. காலையில் எல்லோரும் வேலைக்கு ஓடும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள், அந்த நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே தெரிவதைவிட முன்னால் நிற்பவரின் முதுகுதான் அதிகம் தெரியும். நாள் முழுவதுக்குமான பாஸ் கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள். அது கையில் இருந்தால் தப்பான பஸ்ஸில் ஏறிவிடுவோமோ என்ற பயமே போய்விடும், இறங்கி அடுத்ததில் ஏறினால் போதும். ஊரில் இருக்கும் அத்தனை வழித்தடங்களையும் ஒரே இரவில் படித்துத் தெரிந்துகொள்ள முயற்சி செய்வது வீண். ஒரே ஒரு வழித்தடத்தை நன்றாகத் தெரிந்துகொண்டால் மற்றவை அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். 'பாலத்துக்கு முன்னால் இடப்பக்கம் திரும்புமே, அந்தப் பஸ்' என்று யாராவது சொன்னால் உடனே புரியும்.

திசைக்கு வருகிறேன், புதிதாக வருபவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். பஸ் எண் வழியைத்தான் சொல்லும், எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லாது. அதைச் சொல்வது நெற்றியில் எழுதியிருக்கும் கடைசி நிறுத்தத்தின் பெயர். அதனால் எண்ணோடு சேர்த்து, அந்த வழியின் இரண்டு முனைகளின் பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாம் போக வேண்டிய இடத்தின் பெயர் பஸ்ஸின் நெற்றியில் பெரும்பாலும் இருக்காது, அதைத் தாண்டி எங்கேயோ இருக்கும் ஏதோ ஒரு பெயர்தான் இருக்கும். அதே எண்ணில் பாதி வழியிலேயே திரும்பிவிடும் பஸ்களும் உண்டு, எண்ணுக்குப் பின்னால் ஒரு எழுத்து சேர்ந்தால் வழியே மாறிவிடுவதும் உண்டு. வட்டமாகச் சுற்றி வரும் வழித்தடம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். இரண்டு பக்கம் போகும் பஸ்ஸும் நீங்கள் சொல்லும் இடத்துக்குப் போகும்தான், ஒன்று பத்து நிமிடத்தில் போகும், இன்னொன்று ஊரையெல்லாம் சுற்றிவிட்டு ஐம்பது நிமிடத்தில் போகும்.

இதோடு சாலையின் பக்கமும் சேர்ந்துகொள்கிறது. உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் சாலையின் இடப்பக்கம் வண்டி ஓட்டும் நாடுகளில் இருக்கிறார்கள், மற்றவர்கள் வலப்பக்கம். ஒன்றில் பழகியவர் மற்றொன்றுக்குப் போனால் மூளை ஒத்துக்கொள்ள இரண்டு மூன்று நாள் ஆகும். சாலையைக் கடக்கும்போது எந்தப் பக்கம் பார்ப்பது என்பது முதல், எந்தப் பக்க நிறுத்தத்தில் நிற்பது என்பது வரை எல்லாம் தலைகீழ். நான் அன்று தப்பான பக்கம் நின்றது இதனால்தான். பழக்கம் கொண்டுபோய் நிறுத்திய இடத்தில் யோசிக்காமல் நின்றேன்.

இப்போது ஒன்று செய்கிறேன். பஸ்ஸில் ஏறியதும் கைப்பேசியில் வரைபடத்தைத் திறந்து, நீலப் புள்ளி எந்தப் பக்கம் நகர்கிறது என்று இரண்டு நிறுத்தம் வரை பார்ப்பேன். போக வேண்டிய இடத்தை விட்டு விலகினால் தயங்காமல் மணி அடித்து இறங்கிவிடுவேன். ஏறியவுடன் இறங்குகிறோமே, யாராவது ஏதாவது நினைப்பார்களோ என்று உட்கார்ந்திருக்க வேண்டாம், யாரும் கவனிக்கவே மாட்டார்கள். இன்னொரு விஷயமும் பலருக்குத் தெரிவதில்லை: அந்த நீலப் புள்ளிக்கு இணையம் தேவையில்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்களில் இருந்து வருவது, அந்த ஊர் சிம் கார்டு இல்லாவிட்டாலும் வேலை செய்யும். வரைபடத்தை மட்டும் கிளம்பும் முன்பே, வைஃபை இருக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

சரி, வழி கேட்பது. இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 'இந்தப் பஸ் அங்கே போகுமா?' என்று கேட்காதீர்கள். 'அங்கே போக எங்கே இறங்க வேண்டும்?' என்று கேளுங்கள்.

முதல் கேள்விக்கு ஆம், இல்லை என்ற இரண்டே பதில்தான். கேட்கப்பட்டவருக்கு உங்கள் மொழி அரைகுறையாகப் புரிந்தால், பாவம், வெளியூர் ஆள் என்று தலையை ஆட்டிவிடுவார். இடத்தின் பெயரை நீங்கள் தப்பாக உச்சரித்திருந்தாலும் தலையை ஆட்டிவிடுவார். அவரைக் குறை சொல்லவே முடியாது, உதவ வேண்டும் என்ற எண்ணத்தில் செய்வதுதான். ஆனால் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டால் அப்படித் தலையாட்ட முடியாது. ஒன்று, நிறுத்தத்தின் பெயரைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இந்தப் பஸ்ஸே இல்லை என்று சொல்ல வேண்டும். இரண்டுமே நமக்கு உபயோகமான பதில். அதோடு, அந்தக் கேள்வியைக் கேட்ட நொடியில் இருந்து உங்களை இறக்கிவிடும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டுவிடுவார். இதை நான் எத்தனையோ ஊரில் பார்த்துவிட்டேன். தான் இறங்கும் இடம் முன்னால் வந்துவிட்டால், பக்கத்தில் இருப்பவரிடம் 'இவரை அங்கே இறக்கிவிடுங்கள்' என்று ஒப்படைத்துவிட்டுத்தான் போவார்கள்.

ஒரு பாட்டியை எனக்கு மறக்கவே முடியாது. எழுத்தும் தெரியாத, பேச்சும் தெரியாத ஊர். டிரைவரிடம் தாளைக் காட்டினேன். அவர் பார்த்தார், தலையசைத்தார், சாலையைக் கவனிக்க ஆரம்பித்துவிட்டார். எதிர் இருக்கையில் மடியில் துணிப்பையோடு இருந்த பாட்டி கையை நீட்டித் தாளை வாங்கினார். கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, பிறகு தள்ளி வைத்து, இரண்டு தடவை படித்தார். பின்பு வலது கையை விரித்து ஐந்து விரலையும் காட்டினார். அடுத்த நிறுத்தத்தில் பஸ் நின்று கதவு மூடியதும் கட்டை விரலை மடித்துக்கொண்டார். நாலு. அடுத்ததில் சுண்டு விரல். இடையில் இன்னொரு பெண்ணோடு பேச ஆரம்பித்துவிட்டார், ஆனால் மடித்த விரல்களை மடித்தபடியேதான் வைத்திருந்தார், அந்தக் கை மட்டும் துணிப்பையின் மேல் அசையாமல் இருந்தது. கடைசி விரல் மிஞ்சியபோது என் பக்கம் திரும்பி அதை ஆட்டிக் காட்டி, மணி அடிக்கும் பொத்தானையும் அவரே அழுத்தினார். இறங்கி நின்று ஜன்னலைப் பார்த்தேன். பஸ் நகரும்போது, போக வேண்டிய சந்து எது என்று உள்ளே இருந்தே கை காட்டினார்.

எனவே போக வேண்டிய இடத்தின் பெயரை அந்த ஊர் எழுத்திலேயே வைத்திருங்கள். விடுதியில் இருப்பவர்களிடம் ஒரு தாளில் எழுதித் தரச் சொன்னால் எழுதித் தருவார்கள், தங்கும் இடத்தின் முகவரியையும் அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள். கைப்பேசி சார்ஜ் தீர்ந்தாலும் தாள் இருக்கும். நிறுத்தத்தில் இருக்கும் பெயர்ப் பலகையைப் படம் எடுத்து வைப்பதும் நல்லது. நான் இன்னொன்றும் செய்வேன்: பஸ்ஸில் ஒலிக்கும் அறிவிப்பில் நிறுத்தத்தின் பெயர் எப்படிக் கேட்கிறதோ அப்படியே தமிழில் எழுதி வைத்துக்கொள்வேன். வரைபடத்தில் எழுதியிருப்பதும் வாயால் சொல்வதும் பல மொழிகளில் ஒன்றுபோல் இருப்பதில்லை. நாம் எழுத்துக்கூட்டிப் படிக்கும் பெயருக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு இருப்போம், அந்தப் பெயர் வேறு மாதிரி ஒலித்துவிட்டுக் கடந்து போயிருக்கும்.

ஏறும் கதவு, பணம் கொடுக்கும் முறை, இவையும் ஊருக்கு ஊர் மாறும். தலைகீழாகவே மாறும். லண்டனில் 2014 ஜூலை முதல் பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதே இல்லை, ஏறும்போது அட்டையை ஒரு தடவை தொட்டால் போதும், இறங்கும்போது தொட வேண்டியதில்லை. சிங்கப்பூரில் ஏறும்போதும் தொட வேண்டும், இறங்கும்போதும் தொட வேண்டும், கட்டணம் தூரத்தைப் பொறுத்தது. இறங்கும்போது மறந்துவிட்டால் அந்த வழியின் கடைசி வரை போனதாகக் கணக்கு வைத்து எடுத்துக்கொள்வார்கள். ஜப்பானில் ஒரே நாட்டுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. டோக்கியோவின் நடுப்பகுதியில் ஓடும் நகராட்சி பஸ்ஸில் முன் கதவில் ஏறி முதலிலேயே பணம் கட்ட வேண்டும். கியோட்டோ நகர பஸ்ஸிலோ பின் கதவில் ஏறி, முன் கதவில் இறங்கும்போதுதான் பணம். ஊர்ப்புறப் பஸ்களில் ஏறும்போது ஒரு சிறிய இயந்திரம் எண் அச்சடித்த சீட்டை நீட்டும், அதை எடுத்துக்கொள்ள வேண்டும். டிரைவருக்கு மேலே இருக்கும் பலகையில் அந்த எண்ணுக்குக் கீழே தொகை கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வரும், இறங்கும் நேரத்தில் என்ன காட்டுகிறதோ அதைப் பெட்டியில் போட வேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு ரொம்பப் பிடிக்கும், எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று யாரிடமும் கேட்காமலே தெரிந்துவிடுகிறது.

ஐரோப்பாவின் பல நகரங்களில் காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது, இயந்திரத்தில் செருகி முத்திரை குத்தினால்தான் அது செல்லும். ஒரு ஊரில் கணவன் மனைவி இருவர், வெளிநாட்டவர்கள், நடுவயது, டிக்கெட்டைப் பத்திரமாகப் பணப்பைக்குள் மடித்து வைத்திருந்தார்கள். பரிசோதகர் வந்தபோது சந்தோஷமாக எடுத்து நீட்டினார்கள். முத்திரை இல்லை. அபராதம். அந்த அம்மா டிக்கெட்டின் முன்னும் பின்னும் திருப்பித் திருப்பிப் பார்த்தார், என்ன தப்பு என்று கடைசி வரை அவருக்குப் புரியவே இல்லை. பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஏமாற்ற நினைத்தவர்கள் இல்லையே, முறையாகப் பணம் கொடுத்து வாங்கியவர்கள். பரிசோதகர் கையில் விதி இருக்கிறது என்பது எனக்கும் புரிகிறது, ஆனாலும் வெளியூர் ஆள் என்று கண்ணுக்குத் தெரியும்போது ஒரு தடவை சொல்லிக் கொடுத்துவிட்டு விட்டிருக்கலாம் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இதில் சிக்காமல் இருக்க ஒரே வழி, வரிசையில் முதல் ஆளாக ஏறாமல் இருப்பது. இரண்டு மூன்று பேரை முன்னால் விட்டுவிட்டு அவர்கள் எந்தக் கதவில் ஏறுகிறார்கள், எதைத் தொடுகிறார்கள், எதைச் செருகுகிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் செய்வதை அப்படியே செய்யுங்கள். பஸ் வருவதைக் கண்டதும் அவர்கள் கை நீட்டுகிறார்களா என்பதையும் பாருங்கள், சில ஊர்களில் கை காட்டாவிட்டால் வண்டி நிற்காமல் போய்விடும். பஸ்ஸில் மீதிச் சில்லறை கொடுக்காத ஊர்களும் நிறைய உண்டு, சரியான தொகையாக வைத்திருப்பது நல்லது. வங்கி அட்டையை நேரடியாகத் தொடும் ஊரில் ஒரு சின்ன எச்சரிக்கை: கைப்பேசியில் இருக்கும் அட்டையும் பர்ஸில் இருக்கும் அதே அட்டையும் அந்த இயந்திரத்துக்கு இரண்டு வேறு ஆட்கள். காலையில் ஒன்றையும் மாலையில் மற்றொன்றையும் தொட்டால், பஸ் மாறுவதற்கான சலுகையும் ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பும் சேராது. இரண்டு பேர் போனால் பல ஊர்களில் ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும்.

காசே வேண்டாம் என்ற இடங்களும் இருக்கின்றன. லக்சம்பர்க் நாடு முழுவதும் 2020-ல் இருந்து பஸ், டிராம், ரயிலின் இரண்டாம் வகுப்பு எல்லாம் இலவசம், வெளிநாட்டில் இருந்து வந்தவருக்கும் அப்படியே. எஸ்தோனியாவின் தலைநகர் தாலினில் 2013-ல் இருந்து இலவசம், ஆனால் ஊரில் பதிவு பெற்று வசிப்பவர்களுக்கு மட்டும், வந்து போகிறவர் டிக்கெட் எடுக்க வேண்டும். 'அந்த ஊரில் பஸ் இலவசமாம்' என்று யாராவது சொன்னால், யாருக்கு இலவசம் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுப் போங்கள்.

இப்போது எந்த ஊருக்குப் போனாலும் கைப்பேசியைத் தட்டினால் எந்தப் பஸ், எத்தனை மணிக்கு என்று வந்துவிடுகிறது. இது எப்படி வந்தது என்று படித்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரப் போக்குவரத்து அமைப்பான டிரைமெட்டில் வேலை பார்த்த பிபியானா மெக்ஹ்யூ என்ற பெண், தெரியாத ஊர்களுக்குப் போகும்போது காரில் போக வழி சுலபமாகக் கிடைக்கிறது, பஸ்ஸில் போக வழி கிடைப்பது மட்டும் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறதே என்று நொந்துபோய், கூகுள் ஆட்களோடு பேசினார். 2005-ல் போர்ட்லண்டின் பஸ் நேரங்கள் கூகுளில் வந்தன. அதற்காக உருவாக்கிய தரவு வடிவம்தான் ஜிடிஎஃப்எஸ், இன்று உலகம் முழுவதும் பஸ், ரயில் நேரங்களைப் பகிர்ந்துகொள்ள அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வெளியூரில் பஸ் நிறுத்தத்தில் நின்று திண்டாடிய ஒருவரின் ஆதங்கத்தில் இருந்து பிறந்த விஷயம்!

அந்த வடிவத்துக்குள் இருக்கும் ஒரு விவரம் பயணிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதில் ஒரு நாள் 24 மணியோடு முடிவதில்லை. நள்ளிரவு தாண்டி 1:10-க்கு வரும் பஸ்ஸை 25:10 என்று எழுதலாம், ஏனென்றால் அந்தப் பஸ் முந்தைய நாளின் கணக்கைச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை இரவு ஊர் சுற்றிவிட்டு 1:10-க்கு நிறுத்தத்தில் நிற்கிறீர்கள் என்றால், நாட்காட்டிக்கு அது சனிக்கிழமை, பஸ்ஸுக்கு இன்னும் வெள்ளிக்கிழமைதான். பலகையில் சனிக்கிழமை அட்டவணையைப் பார்த்துவிட்டுப் பஸ் இல்லை என்று நடக்க ஆரம்பித்தவர்களும் உண்டு, இல்லாத பஸ்ஸுக்காகக் காத்திருந்தவர்களும் உண்டு. ஞாயிறு, விடுமுறை நாள் அட்டவணை தனியாக இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று பொது விடுமுறை என்பதே வெளியூர்க்காரருக்குத் தெரியாமல் போவது ரொம்ப சாதாரணம்.

ஆப் காட்டும் நேரம் இரண்டு வகை. ஒன்று, அட்டவணையில் போட்டிருக்கும் நேரம். இன்னொன்று, பஸ் இப்போது எங்கே இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் நேரம். பெரும்பாலும் இரண்டையும் வேறு நிறத்திலோ சின்னக் குறியோடோ காட்டுவார்கள். எது எது என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொண்டால், நிறுத்தத்தில் நின்று பதறுவது பாதி குறையும். 'பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்' என்று போட்டிருக்கும் வழியில் அரை மணி நேரம் ஒன்றும் வராமல் அப்புறம் மூன்றாக வருவதைப் பார்த்திருப்பீர்கள். காரணம் எளிது. முதல் பஸ் கொஞ்சம் தாமதமானால் நிறுத்தத்தில் ஆள் கூடிவிடும், ஆள் கூடினால் ஏற்ற நேரம் ஆகும், அது இன்னும் தாமதமாகும். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற ஆளே இருக்காது, அது சீக்கிரம் சீக்கிரமாக வந்து முன்னதன் முதுகில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு இரண்டாக 20 நிமிடத்துக்கு ஒரு முறை வந்தால் கணக்குக்குப் பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்தான், ஆனால் நாம் காத்திருக்கும் சராசரி நேரம் 5 நிமிடத்தில் இருந்து 10 ஆகிவிடும். ஆகவே தாமதமாக வரும் முதல் பஸ் பிதுங்கி வழிந்தால் முண்டியடித்து ஏற வேண்டாம். வரைபடத்தில் அடுத்தது எங்கே இருக்கிறது என்று பாருங்கள், பல நேரம் ஒரு நிறுத்தம் பின்னால்தான் இருக்கும், அதில் உட்கார இடமும் இருக்கும். கடைசி பஸ்ஸுக்கு மட்டும் இது பொருந்தாது!

பஸ் என்ற ஏற்பாட்டையே நினைத்துப் பார்த்தால் எனக்கு ஒரு மரியாதை வரும். 1662-ல் பாரிஸில், கணித மேதை பாஸ்கலின் யோசனையில், குறித்த வழியில், குறித்த நேரத்தில், ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிளம்பும் குதிரை வண்டிகளை விட்டார்கள். ஒரே கட்டணம், ஐந்து சோல் (அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் காசு). ஆனால் போர்வீரர்கள், வேலைக்காரர்கள், கூலித் தொழிலாளிகள் ஏறக்கூடாது என்று அங்கிருந்த நீதிமன்றம் தடை போட்டது, பிறகு அந்த வண்டிகள் நின்றுபோயின. மறுபடியும் 1826-ல் பிரான்சின் நான்ட் நகரத்தில் ஸ்தனிஸ்லாஸ் போத்ரி என்பவர் ஆரம்பித்தபோது அதற்கு 'ஆம்னிபஸ்' என்ற பெயர் வந்தது. லத்தீனில் 'எல்லோருக்கும்' என்று பொருள். அந்தச் சொல்லின் வால்தான் நாம் சொல்லும் பஸ். எல்லோருக்கும் என்றால் நேற்று ராத்திரி ஊருக்கு வந்து இறங்கியவருக்கும் சேர்த்துத்தான். வாடகை வண்டி நம்மைப் பார்த்துத்தான் கிளம்பும், பல நேரம் நம்மைப் பார்த்துத்தான் விலையும் சொல்லும். பஸ்ஸுக்கு நாம் யார் என்பதே தேவையில்லை, நாம் வந்திருக்காவிட்டாலும் அது அந்த நேரத்துக்கு அந்த வழியில் போயிருக்கும். தெரியாத ஊரில் இதைவிடப் பெரிய ஆறுதல் எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

மெட்ரோ வேகமானது, நானும் போவேன். ஆனால் தரைக்கு அடியில் போகும்போது ஊர் நமக்குத் துண்டு துண்டாகத்தான் தெரியும், இங்கே ஒரு ஓட்டை வழியாக வெளியே வருவோம், அங்கே இன்னொரு ஓட்டை வழியாக வருவோம். இரண்டுக்கும் நடுவில் ஐந்து நிமிட நடைதான் என்பதே தெரியாமல் வண்டி மாறி மாறிப் போய்க்கொண்டிருப்போம். பஸ்ஸில் போனால் மேடு பள்ளம் தெரியும், எந்தத் தெருவில் வெயில் அடிக்கும், எங்கே மாலையில் கூட்டம் சேரும் என்று தெரியும். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் ஒரு கும்பல் பிள்ளைகள் ஏறி, இரண்டு நிறுத்தத்துக்கு வண்டியையே அதிர வைத்துவிட்டு இறங்கிப் போவதைப் பார்க்கலாம்.

இறங்கியதும் எல்லோரும் மறக்கும் ஒன்று, திரும்பும் நிறுத்தம். எதிர்ப் பக்கத்தில்தானே இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். ஒருவழிப் பாதை என்றால் திரும்பும் பஸ் பக்கத்துத் தெருவில் போகும். பெரிய சந்திப்புகளில் ஒரே பெயரில் ஐந்தாறு நிறுத்தங்கள் இருக்கும், லண்டனில் இதற்காகவே ஒவ்வொரு நிறுத்தத்தின் தலையிலும் தனித்தனி எழுத்து போட்டிருப்பார்கள். இறங்கிய கையோடு, பகல் வெளிச்சம் இருக்கும்போதே, திரும்பி வர எங்கே நிற்க வேண்டும் என்று பார்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் அப்போதே பாருங்கள். பலகையில் போட்டிருப்பது கிளம்பும் முனையின் நேரமா, இந்த நிறுத்தத்தின் நேரமா என்று கவனியுங்கள், இந்த வித்தியாசம் தெரியாமல் ஒரு தடவை மழையில் ஏழு கிலோமீட்டர் நடந்திருக்கிறேன்.

ஊரை விட்டுக் கிளம்பும் நாள்தான் மற்ற நாட்களைப் போல இல்லை. கையில் பெட்டி இருக்கும், அன்றைக்குப் பார்த்து மாரத்தான் என்றோ ஊர்வலம் என்றோ சாலையை அடைத்துப் பஸ்ஸை வேறு வழியில் திருப்பிவிட்டிருப்பார்கள். முந்தைய நாள் மாலையே நிறுத்தத்துக்குப் போய், கம்பத்தில் புதிதாக ஏதாவது தாள் ஒட்டியிருக்கிறார்களா என்று பார்ப்பேன். மொழி தெரியாவிட்டாலும் தேதி தெரியும், என் பஸ் எண் தெரியும். இரண்டும் ஒரே தாளில் இருந்தால் அதைப் படம் எடுத்துக்கொண்டு போய் விடுதியில் காட்டிக் கேட்டுவிடுவேன். விமானமோ ரயிலோ பிடிக்க வேண்டிய நாளில், ஆப் எந்தப் பஸ்ஸில் போகலாம் என்று சொல்கிறதோ அதற்கு முந்தைய பஸ்ஸில் ஏறிவிடுங்கள்.